பூட்டி வைத்த குழாய்

ஜெர்மனியில், கொலோனிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கும் அந்தச் சிறு நகரத்தில் தண்ணீருக்கு இருக்கும் மரியாதை மனிதருக்கு இல்லை. முழங்கால் வலிக்கிறது என்று வைத்தியரைக் கேட்டால் மூன்று மாதம் கழித்து ஒரு டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், கொடுப்பார்கள். தண்ணீருக்கு அந்தக் கதையே கிடையாது. எண்பது மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தவுடன் ஒரு சோதனை, தொட்டியை விட்டுப் புறப்படும்போது ஒரு சோதனை, ஊருக்குள் நுழைந்தபின் பள்ளிக்கூடத்தில், முதியோர் இல்லத்தில், தீயணைப்பு நிலையத்தில் என்று போகிற வழியெல்லாம் சோதனை. சூடு பார்ப்பார்கள், மணந்து பார்ப்பார்கள், கிருமி எண்ணுவார்கள். இத்தனை சீராட்டும் நடந்தபின் அந்த ஊர்ச் சனம் கடைக்குப் போய்ப் போத்தல் தண்ணீரைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறும்.

இந்தத் தண்ணீருக்கு நாடி பார்க்கிறவர்களில் ஒருத்தி சிவானுஜா. அகதியாக வந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆய்வுகூட வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, நகர நீர் வழங்கல் பகுதியில் சேர்ந்து பதினோரு வருடம். ஒரு வெள்ளை வான், ஒரு குளிர்பெட்டி, கிருமி நீக்கிய போத்தல்கள், குழாயின் வாயைச் சுட்டுச் சுத்தம் செய்ய ஒரு சின்ன எரிவாயு விளக்கு. இவ்வளவுதான் அவளுடைய ஆயுதங்கள். வேலையில் அவளுக்குப் பெருமை உண்டு. சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் "லாபில வேலை" என்று சுருக்கிக்கொள்வாள். பைப்பில் தண்ணி பிடிக்கவா இவ்வளவு படித்தாய் என்று கேட்கக்கூடிய சனம் அது.

மே மாதத்தில் ஒரு காலை, மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, அடுத்தது உங்கள் கோயில் என்றார். ஜூலைத் திருவிழாவில் ஆயிரம் பேருக்கு மேல் அன்னதானம் நடப்பதால் எல்லாக் குழாய்களையும் சோதிக்கச் சொல்லிச் சுகாதார அலுவலகம் எழுதியிருந்தது. உனக்குப் பாஷை தெரியும், நீயே போ என்று முடித்தார். அவளுக்குப் பாஷை தெரியும் என்பது உண்மைதான். அந்தப் பாஷையில் என்னென்னவெல்லாம் பேசாமல் விடுவார்கள் என்பதும் தெரியும்.

கோயில் தொழிற்பேட்டைக்குள் இருந்தது. முன்பு கம்பளம் விற்ற கொட்டகை. ஒரு பக்கம் கார் ரயர் மாற்றும் கடை, மறுபக்கம் வாடகைக் களஞ்சியம். உள்ளே மொத்தம் நான்கு குழாய்கள். வாசலில் கால் கழுவ ஒன்று, சமையல் நடக்கும் குசினியில் இரண்டு, மூலஸ்தானத்துக்குப் பக்கத்துச் சுவரில் நாலாவது. அந்த நாலாவதுதான் தீர்த்தக் குழாய். அதைச் சுற்றி ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரேயொரு திறப்பு. அந்தத் திறப்பு கோயில் நிர்வாகசபைத் தலைவர் உருத்திரமூர்த்தியின் கார்ச் சாவிக்கொத்தில் தொங்கியது. கார் டுசல்டோர்ஃபில் நின்றது, ஏனென்றால் அவருடைய வீடு அங்கேதான்.

நான்கு குழாய்க்கும் தண்ணீர் ஒரே மீற்றர் வழியாகத்தான் வந்தது. ஆனால் இரும்புப் பெட்டிக்குள் நுழைந்ததும் அதே தண்ணீருக்குக் குலம் கோத்திரம் எல்லாம் வந்துவிடும் என்று நிர்வாகசபை நம்பியது. அந்தக் குழாயை யார் தொடலாம் என்று கோயில் சங்கத்தின் யாப்பு விதிகளில் ஒரு வரிகூட இல்லை. ஜெர்மன் சங்கப் பதிவுக்காரர் யாப்பை வாசிப்பார் அல்லவா. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது: நாலு குடும்பம் தொடலாம், மற்றவர்கள் தொடக்கூடாது.

மற்றவர்களில் ஒருத்தி சிவானுஜாவின் தாய் புஸ்பராணி. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவள். கிருமியைப் பற்றி அந்த நிர்வாகசபை முழுவதையும்விட அவளுக்கு அதிகம் தெரியும். கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு என்பதால் பதினைந்து வருடமாகத் தினமும் போய்வந்தாள். மரக்கறி வெட்டினாள், அண்டா தேய்த்தாள், நிலம் கழுவினாள். இரண்டு வருடத்துக்கு முந்திய திருவிழாவில் ஆள் பற்றாத நேரம், குடத்தோடு தீர்த்தக் குழாய்ப் பக்கம் போனாள். பெட்டி திறந்துதான் இருந்தது. செயலாளர் தபோதரன் ஓடிவந்து, சிரித்த முகத்தோடு, "அக்கா, குடத்தை அங்கால வையுங்கோ, நாங்கள் எடுத்துத் தருவம்" என்றார். அவள் வைத்தாள். சிவானுஜா பக்கத்தில்தான் நின்றாள். அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் அவளுக்குள் இன்னும் அப்படியே இருந்தது.

சாமிக்குத் தினமும் எந்தத் தண்ணீர் என்று கேட்கலாம். ஐயர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். திறப்பு டுசல்டோர்ஃபில். ஆகவே சாதாரண நாளில் சாமிக்கு மலிவுக் கடைப் போத்தல் தண்ணீர். ஆறு ஆறாகப் பிளாஸ்டிக் சுற்றி வரும். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுபோய், போத்தல் காசு திருப்பித் தரும் கடை மெஷினுக்குள் போடுவது புஸ்பராணி. அதற்குத் தீட்டு இல்லை.

மாதிரி எடுக்க சிவானுஜா போன நாளில் உருத்திரமூர்த்தி தபோதரனையும் கூட்டிக்கொண்டு பட்டு வேட்டியோடு வந்து நின்றார். குசினிக் குழாய்களையும் வாசல் குழாயையும் அவள் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பெட்டிக்கு முன்னால் அவள் வந்ததும்தான் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, உது தண்ணி பைப் இல்லை. தீர்த்தம். உதைச் சோதிக்கத் தேவையில்லை."

"அண்ணை, பிளானில இது நாலாம் நம்பர். சனம் வாயில வைக்கிற தண்ணி. எடுக்காமல் போக ஏலாது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். உள்ளே சென்னையிலிருந்து வரவழைத்த பித்தளைச் சிங்கமுகக் குழாய். சிங்கத்தின் வாயில் பச்சைப் பூச்சு. சிவானுஜா எரிவாயு விளக்கைப் பற்றவைத்து, சிங்கத்தின் வாயைச் சுற்றி மெல்லச் சுட்டாள். உருத்திரமூர்த்தியின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"பாத்தியளே தபோ, முறையாத்தான் செய்யிறாள். தீபம் காட்டுறாள்," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கும்பிட்ட கை கீழே இறங்குமுன் அவள் போத்தலை நிரப்பி மூடிவிட்டாள். வெப்பமானி இருபத்தேழு பாகை காட்டியது. இருபத்தைந்தைத் தாண்டக்கூடாத குளிர் தண்ணீர்க் குழாயில் இருபத்தேழு.

"கடைசியா எப்ப திறந்தனியள்?"

"வருசப்பிறப்புக்கு. அதுக்குப் பிறகு ஒரு கையும் படேல்ல," என்றார் உருத்திரமூர்த்தி பெருமையாக.

வருடப்பிறப்பு போய் ஐந்து கிழமை. ஐந்து கிழமையாக அந்தத் தண்ணீர் சுவருக்குள் ஓடும் சூடேற்றிக் குழாய்க்குப் பக்கத்தில் அசையாமல் படுத்துக்கிடந்திருக்கிறது. முடிவு எப்படி வரும் என்று சிவானுஜாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அப்படியே வந்தது. எல்லோரும் கால் கழுவும் வாசல் குழாய் சுத்தம். அண்டா தேய்க்கும் குசினிக் குழாய் இரண்டும் சுத்தம். தீர்த்தக் குழாயில் மட்டும் சூடோமோனாஸ் என்ற கிருமி, தேங்கிய தண்ணீரில் குடும்பம் நடத்துவது. திடமான ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து. தீர்த்தத்தை முதலில் யாருடைய வாயில் விடுவார்கள்? கைக்குழந்தையின் வாயில்தான்.

இத்தனை நாளும் கை படாமல் காப்பாற்றியதால்தான் தண்ணீர் கெட்டது. ஒரு நாளைக்கு நூறு பேர் தொட்டுத் திறந்திருந்தால் ஒன்றும் வந்திராது. இதை எந்தப் பிள்ளைக்கும் இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம். நிர்வாகசபைக்கு ஏலாது.

அறிக்கை வந்த அன்று மாலையே கூட்டம் போட்டார்கள். உருத்திரமூர்த்தி அதை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்து, பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஆரோ கை வைச்சிருக்கினம். படக்கூடாத கை பட்டிருக்கு. ஐயரிட்டச் சொல்லிப் பரிகாரம் செய்யவேணும். திருவிழா முடியுமட்டும் குசினிப் பக்கம் கண்ட ஆக்களை விடக்கூடாது."

திறப்பு அவருடைய சாவிக்கொத்தில். பட்டது வேறு யாருடையோ கை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். கண்ட ஆக்கள் என்ற பன்மையில் ஒரேயொரு ஆள்தான் இருந்தாள். அவளுக்கு அடுத்த நாள் காலை தபோதரன் தொலைபேசியில், அதே சிரித்த குரலில் சொன்னார்: "அக்கா, நீங்களும் எவ்வளவு காலம் கஷ்டப்படுறது. கொஞ்சம் றெஸ்ற் எடுங்கோ. நாங்கள் சொல்லேக்க வந்தால் போதும்."

கூட்டத்தில் பேசியது அதற்குள் தாய் மகள் இரண்டு பேருடைய காதுக்கும் வந்துவிட்டது. சிவானுஜா வேலை முடிந்து தாய் வீட்டுக்குப் போனபோது புஸ்பராணி மேசையடியில் இருந்தாள். கோயிலுக்குப் போகிற நேரம். சேலை மாற்றி, பூ நறுக்கும் கத்திரிக்கோலைக்கூடப் பையில் வைத்து, அதற்குப் பிறகு எழும்பாமல் இருந்தாள்.

"அம்மா, நீங்கள் அந்தப் பைப்பைத் தொட்டனியளோ?"

கேட்ட மறுகணமே சிவானுஜாவுக்குத் தன் நாக்கைக் கடிக்கவேண்டும் போலிருந்தது. பதினோரு வருடம் கிருமி எண்ணியவள் கேட்கிற கேள்வியா அது.

"பதினைஞ்சு வருசம் அந்த நிலத்தைக் கழுவினனான்," என்றாள் தாய். "பெட்டிக்குக் கீழயும் கழுவினனான். பெட்டியில முட்டாமல் கழுவப் பழகினனான். இப்ப நான் தொட்டுத்தான் ஊத்தையாப் போச்சாம். எனக்குக் கோயில் வேணும் பிள்ளை. அந்தச் சனம் வேண்டாம், ஆனா அந்தச் சனத்துக்குள்ளதான் கோயில் இருக்கு."

அவள் அழுதாள். சிவானுஜா கோபத்தில் போனைக் கையில் எடுத்தாள். கோயிலையே பூட்டச் சொல்லி எழுதிவிடலாம், ஒரு மின்னஞ்சல் போதும். எழுதினால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரிந்தது. தாய் தீர்த்தத்தைக் கெடுத்தாள், மகள் திருவிழாவைக் கெடுத்தாள் என்று சொல்லும். தாய்க்கு அந்த வாசல் நிரந்தரமாக மூடிவிடும்.

அவள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. இப்படிப்பட்ட முடிவு வந்தால் ஆய்வுகூடம் அதைச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். அனுப்பியது. அடுத்த கிழமையே அங்கிருந்து, மாதிரி எடுத்த சிவானுஜாவையும் கூட்டிக்கொண்டு, கெஸ்லர் அம்மையார் வந்தார். மெலிந்து உயர்ந்த பெண். சாமி கும்பிடுகிறவர்களைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது, கடவுள்களைப் பற்றியும் கிடையாது. குழாய்களைப் பற்றி நிறைய உண்டு. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நேரே பெட்டிக்குப் போய், ஏன் பூட்டு என்று கேட்டார்.

நிர்வாகசபைக்குத் திடீரென்று ஜெர்மன் மறந்துபோனது. இருபத்தைந்து வருடம் வரி அலுவலகத்தோடு வாதாடிய வாய்கள்.

"பாதுகாப்புக்கு எண்டு சொல்லு பிள்ளை," என்றார் உருத்திரமூர்த்தி.

சிவானுஜா அப்படியே சொன்னாள், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

யாரிடமிருந்து பாதுகாப்பு, என்று கேட்டார் கெஸ்லர் அம்மையார்.

ரயர்க் கடையில் யாரோ நட்டு முடுக்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. தபோதரன் கூரையைப் பார்த்தார். சிவானுஜாவும் காத்திருந்தாள், இந்தப் பதிலைக் கேட்கத் தானும் இரண்டு வருடமாகக் காத்திருந்ததுபோல.

கெஸ்லர் அம்மையார் படிவத்தில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். குழாய்க்காரரைக் கூப்பிட்டுத் தேங்கும் பகுதியை வெட்டி எடுக்கவேண்டும். அங்கீகாரம் இல்லாத சிங்கத்தைக் கழற்றி அங்கீகரித்த குழாய் பூட்டவேண்டும். மறுசோதனை சரியாக வந்தபின், எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது மூன்று நிமிடம் தண்ணீரைத் திறந்து ஓடவிட்டு, வெப்பநிலை பார்த்து எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எழுதும் தாள் குழாய்க்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கத் தொங்கவேண்டும். பொறுப்பானவர் ஒருவருடைய பெயர் இப்போதே வேண்டும்.

"ஐயரைப் போடலாம்," என்றார் தபோதரன். அவருக்கு ஜெர்மன் திரும்பி வந்துவிட்டது. "செவ்வாயும் வெள்ளியும் வாறவர்."

கெஸ்லர் அம்மையார் விரலில் எண்ணினார். செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மூன்று நாள், சரி. வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு நான்கு. பாதுகாத்த குலப்பெருமை எல்லாம் அந்த ஒரு நாளில் வந்து மாட்டிக்கொண்டது. உருத்திரமூர்த்தி தானே வருவதாகச் சொன்னார். டுசல்டோர்ஃபிலிருந்து, திங்கட்கிழமைகளில், வேலையை விட்டுவிட்டா என்று கெஸ்லர் அம்மையார் கேட்டதும் தாடையைச் சொறிந்தார். நாலு குடும்பத்தையும் வரிசையாகப் பார்த்தார்கள். ஒன்று கனடாவுக்குப் போய்விட்டது. ஒன்று கோயிலோடு கோபம். ஒன்றின் பிள்ளைகளுக்குக் கோயில் எந்தத் தெருவில் என்றே தெரியாது. நாலாவது உருத்திரமூர்த்தியும் தபோதரனும்தான், இரண்டு பேருக்கும் வீடு டுசல்டோர்ஃபில்.

இங்கே தினமும் வருகிறவர் ஒருவரும் இல்லையா, என்றார் கெஸ்லர் அம்மையார். சுவரில் தொங்கிய துப்புரவு அட்டவணைக்குப் போய் விரலால் தடவினார். பதினைந்து வருட வழக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயர். இந்தப் பெண் எங்கே?

"லீவில," என்றார் தபோதரன்.

எப்போதிருந்து?

"ரிப்போர்ட் வந்த அடுத்த நாளிலயிருந்து," என்றாள் சிவானுஜா, ஒருவரும் மொழிபெயர்க்கச் சொல்லாமலே, இரண்டு மொழியிலும்.

கெஸ்லர் அம்மையார் பேனாவை மூடினார். ஒன்று, அந்தப் பெண் பயிற்சிக்கு வந்து பொறுப்பெடுக்கட்டும். இல்லாவிட்டால் இந்தக் குழாயை நான் முத்திரை வைத்து மூடுகிறேன், திருவிழாவுக்கு இங்கிருந்து ஒரு சொட்டும் இல்லை. அவர் உருத்திரமூர்த்தியைக் கேட்கவில்லை, தகவல் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது பழைய கதை. இங்கே பூசாரிக்கு மேலே ஒரு சுகாதார அலுவலகம் இருந்தது.

புஸ்பராணி வீட்டுக்கு உருத்திரமூர்த்தி அன்றைக்குத்தான் முதல் தடவை போனார். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. சிவானுஜா கதவைத் திறந்துவிட, உள்ளே வந்து கதிரையின் விளிம்பில் பட்டும் படாமலும் இருந்தார். புஸ்பராணி கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்பத்தான் காருக்குள்ள குடிச்சனான்," என்றார்.

"குடியுங்கோ. பைப் தண்ணிதான். மகள் சோதிச்சது," என்றாள் புஸ்பராணி.

அவர் கிளாஸைப் பார்த்தார், தொடவில்லை. "தங்கச்சி, கோயில் காரியம். ஒரு சின்ன உதவி. நீங்கள்தான் அந்தப் பைப்பைப் பொறுப்பெடுக்கவேணும்."

"என்ர கை பட்டுத்தான் கெட்டது எண்டு சொன்னவையாம்."

"சனம் எதையாவது சொல்லும்."

"சனமோ?" என்றாள் அவள்.

உருத்திரமூர்த்தி கதிரையில் இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வந்தார், விழுந்துவிடுவாரோ என்று சிவானுஜா நினைத்தாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்க அந்த வம்சத்துக்குச் சொல் கிடையாது. சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"திறப்பு வேண்டாம்," என்றாள் புஸ்பராணி. "பெட்டியைக் கழட்டுங்கோ. பெட்டி இல்லாட்டி வாறன். இருந்தா ஏலாது."

அவர் வாயைத் திறந்தார். ஜூலையும், முத்திரையும், கெஸ்லர் அம்மையாரின் பேனாவும் வரிசையாக நினைவுக்கு வந்திருக்கவேண்டும். மூடிக்கொண்டார். போகும்போது கிளாஸ் நிறைந்தபடியே இருந்தது. புஸ்பராணி அதை எடுத்துத் தானே குடித்தாள்.

பெட்டி கழன்றது. சிங்கம் வேலை இழந்து, அலங்காரமாக மூன்று அடி தள்ளிச் சுவரில் ஏறியது. ஜூன் கடைசியில், தாய் பொறுப்பாளர் என்பதால் சிவானுஜாவுக்குப் பதிலாக அவளோடு வேலை செய்கிற ஒருவன் வந்து மறுசோதனை எடுத்தான். முடிவு பூச்சியம். ஐயர் செய்த பரிகாரத்தின் மகிமை என்று உருத்திரமூர்த்தி ஒலிபெருக்கியில் அறிவித்தார், சனம் அரோகரா சொன்னது. குழாய்க்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தத் தாள் தொங்கியது. மேலே ஜெர்மனில் பொறுப்பாளர் என்று அச்சடித்து, கீழே புஸ்பராணியின் முழுப் பெயர். மூலஸ்தானத்தைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அதுவும் கண்ணில் படும்.

கொடியேற்றத்தன்று காலை கோயில் நிரம்பி வழிந்தது. அபிஷேகத்துக்கு நேரமாகிவிட்டது. உருத்திரமூர்த்தி வெள்ளிக் குடத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு தீர்த்தக் குழாயடிக்கு வந்தார். அங்கே புஸ்பராணி தண்ணீரை வாளிக்குள் ஓடவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு எட்டு தள்ளிச் சிவானுஜா, இரண்டு வருடத்துக்கு முன்பு நின்ற அதே இடத்தில். அவர் குடத்தை வாளிக்கு மேலாக நேரே குழாய்க்குக் கீழே நீட்டினார்.

புஸ்பராணி கையால் மறித்தாள். கோபமில்லை, தபோதரனுடைய அதே சிரித்த முகம்.

"அண்ணை, இன்னும் ஒண்டரை நிமிசம் இருக்கு. குடத்தை அங்கால வையுங்கோ, நான் எடுத்துத் தாறன்."

பின்னால் ஆயிரம் பேர். நாதஸ்வரக்காரர் ஊதத் தொடங்கிவிட்டார். உருத்திரமூர்த்தி குழாயைப் பார்த்தார், கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார், புஸ்பராணியைப் பார்த்தார். பிறகு குடத்தை நிலத்தில் வைத்தார்.

சிவானுஜாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. புஸ்பராணி மூன்று நிமிடமும் முடியும்வரை அசையவில்லை. வெப்பமானியைப் பிடித்துப் பதின்மூன்று பாகை என்று வாசித்தாள். குடத்தை எடுத்துக் கழுத்துவரை நிரப்பி அவருடைய கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, சட்டத்தைத் திறந்து, திகதியும் நேரமும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.